கேசட் கம்பெனிக்கு மங்களம்

2018 தை மாதம், மார்கழிக் கச்சேரிகள் ஓய்ந்த மறு வாரம், எங்கள் கர்நாடக இசைப்பதிவுக் கம்பெனியின் கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு சபா வாசலில் இருபது நாள் கடை போட்டு நாங்கள் விற்றது 11 சி.டி. அந்த இடத்துக்குக் கொடுத்த வாடகை 9,000 ரூபாய். பதினொன்றில் நான்கை என் மைத்துனரே ஆள்விட்டு வாங்கியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று இரவே கூட்டாளியைக் கூப்பிட்டு, "போதும், மூடிவிடலாம்" என்றேன். அவர் மறுக்கவில்லை. யாராவது முதலில் சொல்லட்டும் என்று இரண்டு வருடமாகக் காத்திருந்தவர்போல "சரி" என்றார்.

1993-இல் மூன்று பேர் சேர்ந்து தொடங்கியது அது. நான் வங்கி எழுத்தர், ஒருவர் ஒலிப்பதிவுப் பொறியாளர், இன்னொருவர் பாத்திரக் கடை வைத்திருந்தவர். மயிலாப்பூரில் ஒரு வீட்டு மாடி அறைதான் அலுவலகம். அக்கம்பக்கத்தில் எங்களுக்குப் பெயர் "கேசட் கம்பெனி". பெரிய நிறுவனங்கள் திரும்பிப் பார்க்காத பாடகர்களை, அதிலும் ஐம்பது வயதைத் தாண்டியும், வளரும் பாடகர்களுக்கு ஒதுக்கும் மாலை நான்கு மணிக் கச்சேரியிலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தவர்களைப் பதிவு செய்வது எங்கள் ஆசை. அறுபது நிமிட நாடாவில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். நீண்டு விரிகிற ராகம் தானம் பல்லவியை அதற்குள் அடக்கச் சொன்னால் வித்துவான்கள் முறைப்பார்கள். 78 சுற்று இசைத்தட்டுக் காலத்தில் மூன்று நிமிடச் சொச்சத்தில் ஆலாபனையும் கீர்த்தனையும் முடித்தவர்களின் சீடர்கள்தானே நீங்கள் என்று பொறியாளர் சமாதானம் சொல்வார். சி.டி. வந்து 74 நிமிடம் ஒரே மூச்சில் கிடைத்தபோது அந்தச் சண்டை ஓய்ந்தது. 25 வருடத்தில் 62 வெளியீடுகள். லாபம் வந்த வருடங்களை ஒரு கைவிரல்களில் எண்ணலாம், கட்டைவிரலை மடக்கிக்கொண்டு.

மூடுவதற்கு ஒரு கச்சேரி வைக்கலாம் என்ற யோசனை என் அக்கா மகனுடையது. அவன் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் படித்தவன். அங்கே சாரா ரெக்கார்ட்ஸ் என்று இரண்டே பேர் நடத்திய ஒரு சின்னஞ்சிறு இசைத்தட்டு நிறுவனம் இருந்ததாம். 1987-இல் தொடங்கி, 1995-இல் நூறாவது வெளியீட்டோடு நிறுத்திக்கொண்டு, தெக்லா என்ற பழைய கப்பலில் பாட்டும் கூத்துமாக விருந்து வைத்து மூடிவிட்டார்கள். "கடன்காரன் வந்து பூட்டுவதற்கு முன்னால் நாமே பூட்டுவதில் ஒரு கௌரவம் இருக்கிறது மாமா" என்றான். கூட்டாளிக்கு இது பிடிக்கவில்லை. "கடையை மூடுகிறவன் எவனாவது நாயனம் வைத்து மூடுவானா?" என்று கேட்டார். எனக்கோ கச்சேரி என்றால் கடைசியில் மங்களம் உண்டு, நம் கம்பெனிக்கும் ஒரு மங்களம் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது. 2018 அக்டோபர் 28, ஞாயிறு மாலைக்கு இருநூறு பேர் உட்காரும் ஓர் அரங்கத்துக்கு முன்பணம் கட்டினேன். அந்தத் தேதியில் கச்சேரி நடக்கவில்லை. ஏன் என்பதுதான் இந்த அனுபவத்தில் பாதிக்கு மேல்.

முதலில், நிகழ்ச்சி அமைப்பில் செய்த தவறு. எங்களுக்குப் பாடியவர்களில் பதினொரு பேர் வருகிறேன் என்றார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம், மொத்தம் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, எங்கள் பதிவுகளில் பாதிக்கு மேல் வாசித்த மூத்த மிருதங்க வித்துவானிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இது கச்சேரியா, இல்லை பந்தி மாற்றுகிற கல்யாணக் கூடமா?" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். கட்டை என்பது பாடுகிறவருடைய சுருதியின் உயரம்; பாடகிக்கு ஐந்து கட்டை, பாடகருக்கு ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டை. சுருதி மாறினால் தம்பூராவை மாற்றிச் சேர்க்க வேண்டும், வயலின் தந்திகளை இறக்க வேண்டும், மிருதங்கத்தையே மாற்ற வேண்டும். மேல் சுருதிக்கு இருக்கும் குட்டை மிருதங்கம் கீழ் சுருதிக்கு ஒத்துவராது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏழெட்டு நிமிடம் போய்விடும். ஆணும் பெண்ணுமாக மாற்றி மாற்றி உட்கார வைத்தால் ரசிகர்கள் கேட்கப்போவது பாட்டு பாதி, மிருதங்கத்தில் கல்லால் தட்டிச் சுருதி சேர்க்கிற சத்தம் பாதி.

அவர் யோசனைப்படி சுருதிவாரியாக மூன்று பகுதிகளாக அடுக்கினோம். முதலில் ஐந்து கட்டையில் பாடும் பெண்கள் சேர்ந்து, நடுவில் ஒரு புல்லாங்குழல், கடைசியில் ஒன்றரைக் கட்டைக்காரர்கள். பதினொருவரில் மூவர் தாங்களாகவே விலகி முன்வரிசையில் உட்காரச் சம்மதித்தார்கள். விலகச் சொல்லி அவர்களிடம் பேசியதும் மிருதங்க வித்துவான்தான். நான் பேசியிருந்தால் இன்றுவரை பகை. பல கலைஞர்களை ஒரே மேடையில் ஏற்ற நினைப்பவர்கள் பெயர்ப் பட்டியலுக்கு முன்னால் சுருதிப் பட்டியலை எழுதுங்கள். யார் மூத்தவர், யாரைக் கடைசியில் பாட வைப்பது என்கிற வழக்குகள் பாதிக்கு மேல் அதிலேயே தீர்ந்துவிடும். "சுருதி அப்படி அமைந்துவிட்டது, என்ன செய்வது" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

சன்மானம் கொடுப்பதா என்று ஒரு விவாதம். பழைய சிநேகிதத்துக்காக எல்லோரும் இலவசமாகத்தான் வருவார்கள், கேட்டால் தப்பாக நினைப்பார்கள் என்றார் கூட்டாளி. நான் கொடுத்தே தீருவது என்று நின்றேன். வேண்டாம் என்று கைகூப்பியவர்களும் உறையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். செலவில் பாதிக்கு மேல் அதற்கே போனது. 25 வருடம் அவர்களுக்குக் குறைவாகக் கொடுத்த நிறுவனம் கடைசி நாளிலும் சும்மா வாசிக்கச் சொல்வது நன்றாக இருக்காது.

குறைவாகக் கொடுத்தோம் என்பதை எப்படிச் சொல்கிறேன் என்றால், அதற்கு ஒரு கதை இருக்கிறது. கச்சேரி மேடையில் ஒவ்வொரு கலைஞருக்கும் அவரவருடைய மூல நாடாவையும், பதிவின் உரிமையை அவருக்கே எழுதிக்கொடுக்கும் கடிதத்தையும் ஒரு துணிப்பையில் போட்டுத் தருவது என்று திட்டம். நிறுவனம் மூடினால் பதிவுகள் யாருக்கும் இல்லாமல் போய்விடக்கூடாது அல்லவா? ஒலிப்பதிவின் பதிப்புரிமை அதைத் தயாரித்தவருக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 வருடம் இருக்கிறது. கூட்டு நிறுவனத்தைக் கலைக்கும்போது அதை யாருக்கும் எழுதிக்கொடுக்காமல் விட்டால், எங்கள் மூவரின் பேரப்பிள்ளைகளைத் தேடிப் பிடித்துத்தான் நாளைக்கு ஒருவர் அனுமதி கேட்க வேண்டும். வாய்வார்த்தையாக "எடுத்துக்கொள்ளுங்கள்" என்பது செல்லாது. எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும்.

62 கடிதங்களையும் அச்சடித்துவிட்டு, பெருமையோடு மிருதங்க வித்துவான் வீட்டுக்கு ஒன்றை எடுத்துப்போனேன். இரண்டு முறை படித்தார். "இதில் பாடகர் பெயர் இருக்கிறது. வாசித்தது நான். என் பெயர் எங்கே?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் சங்கடம்.

எங்கள் ஒப்பந்தங்கள் எல்லாமே பிரதானக் கலைஞரோடு மட்டும் போட்டவை. பக்கவாத்தியக்காரர்களுக்குப் பதிவு நாளன்று ஒரு தொகை, ஒரு ரசீது, அதோடு சரி. தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், நாங்களும் செய்தோம். ஆனால் 1994-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதே நிகழ்த்துகிறவருக்கென்று தனி உரிமை வந்துவிட்டது. நிகழ்த்துகிறவர் என்றால் நடுவில் உட்கார்ந்திருப்பவர் மட்டும் என்று அதில் இல்லை. 2012 திருத்தம் அதை இன்னும் விரித்தது. இவையெல்லாம் ஒரு வழக்கறிஞரிடம் போய் உட்கார்ந்த பிறகு தெரிந்துகொண்டவை. அவர் எங்கள் பழைய கடிதங்களைப் புரட்டிவிட்டு இன்னொரு குண்டையும் போட்டார். பெரும்பாலானவற்றில் எத்தனை வருடத்துக்கு உரிமை என்று எழுதவே இல்லை. காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் 5 வருடத்துக்குத்தான், நாடு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான் என்கிறது 19-ஆம் பிரிவு. நாங்களோ 2000-க்குப் பிறகு சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் பெட்டி பெட்டியாக அனுப்பியிருக்கிறோம். பெட்டி என்றால் சின்னப் பெட்டிதான். இருந்தாலும்.

அரங்கத் தேதியை மாற்றினேன். முன்பணத்தில் பாதி போயிற்று. 62 கடிதங்களையும் கிழித்துப்போட்டு, வயலின், மிருதங்கம், கடம், கஞ்சிரா என்று ஒவ்வொரு பதிவிலும் இருந்தவர்கள் பெயரையெல்லாம் கேசட் பெட்டிக்குள் செருகியிருக்கும் இன்லே அட்டையைப் பார்த்து எழுதி, புதிதாகத் தயாரித்தோம். எல்லோருக்கும் கூட்டாகவே எழுதிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். வழக்கறிஞர் தடுத்தார். நான்கு பேர் கூட்டு உரிமையாளர்கள் என்றால், பத்து வருடம் கழித்து ஒரு சின்ன அனுமதிக்கும் நான்கு கையெழுத்து தேட வேண்டிவரும், அதில் ஒருவர் கனடாவில் இருப்பார். ஆகவே உரிமை பிரதானக் கலைஞர் பெயரில், வருகிற பணத்தில் சரிபாதி பக்கவாத்தியக்காரர்களுக்கு என்று எழுதினோம். ஓரிரு பாடகர்கள் முகம் சுளித்தார்கள். ஒரு பாடகி மட்டும், "இதை நான் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருபது வருடம் ஓட்டிவிட்டேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

பாட்டின் உரிமை வேறு, பதிவின் உரிமை வேறு என்பதையும் அப்போதுதான் பலருக்கு விளக்க நேர்ந்தது. தியாகராஜர் 1847-இல் மறைந்தவர், அவர் கீர்த்தனைக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். பாபநாசம் சிவன் மறைந்தது 1973-இல். இயற்றியவர் மறைவுக்குப் பின் 60 வருடம் என்ற கணக்கில் அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை உரிமை உண்டு. பதிவை வாங்கிக்கொள்பவர் அதில் எந்தெந்தப் பாட்டு எந்த வகை என்று தெரிந்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பைக்குள்ளும் இதை ஒரு தாளில் எழுதிப் போட்டோம்.

நாங்கள் பதிவு செய்தவர்களில் ஒன்பது பேர் காலமாகியிருந்தார்கள். அவர்கள் வாரிசுகளைத் தேடியது தனிப் புராணம். ஒரு வயலின் வித்துவானின் மகன் கோயம்புத்தூரில் டயர் கடை வைத்திருந்தார். அப்பா வாசித்த நாடா ஒன்று இருக்கிறது என்று நான் சொன்னதும், அவர் தொலைபேசியிலேயே வெகு நேரம் பேசாமல் இருந்தார். அப்பாவின் வாசிப்பு எதுவும் வீட்டில் இல்லையாம். "நாங்கள் ஒன்றாவது வாங்கி வைத்திருக்கலாம் சார்" என்றார். அந்த கேசட் 28 ரூபாய்க்கு விற்றது.

நாடாக்களின் நிலைமையைச் சொல்லாமல் விட முடியாது. பீரோவில் நாப்தலின் உருண்டை போட்டு வைத்தால் போதும் என்று நம்பியிருந்தோம். சென்னைக் காற்றின் ஈரத்துக்கு அது எந்த மூலைக்கு? கால் அங்குல நாடாக்களில் எட்டில் வெள்ளைப் பூஞ்சை. இரண்டு பிசுபிசுத்துப்போய், ஓட்டினால் கருவியின் ஹெட்டிலேயே ஒட்டிக்கொண்டு கிறீச்சிட்டன. அப்படிப்பட்டதை மேலும் ஓட்டிப் பார்ப்பது தற்கொலை. மேல்பூச்சு உதிர்ந்து வந்துவிடும். விஷயம் தெரிந்தவர்கள் சில வகை நாடாக்களை 50 டிகிரியைச் சற்றுத் தாண்டிய சீரான சூட்டில் மணிக்கணக்கில் வைத்து ஈரத்தை எடுத்த பிறகு, சில நாள் அவகாசத்துக்குள் பிரதி எடுத்துவிடுகிறார்கள். வீட்டு அடுப்பில் முயன்றுவிடாதீர்கள். எல்லா வகை நாடாவுக்கும் அது பொருந்தாது. எங்கள் பொறியாளரே வேறொருவரிடம்தான் கொடுத்தார்.

ஆனால் உண்மையான ஆபத்து எங்கள் டாட் (DAT) நாடாக்களில் இருந்தது. தொண்ணூறுகளில் பெருமையாக வாங்கிய டிஜிட்டல் சங்கதி அது. அந்த ரெக்கார்டர் தயாரிப்பை 2005-இல் சோனியே நிறுத்திவிட்டது. நாடா நன்றாக இருந்தாலும் ஓட்டுவதற்குப் பெட்டி வேண்டுமே! வடபழனியில் ஒரு ஸ்டூடியோவில் ஓடுகிற நிலையில் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, மூன்று வாரம் இரவு நேரத்தில் உட்கார்ந்து 23 நாடாக்களை மாற்றினோம். காலஞ்சென்ற ஒரு பாடகரின் காம்போதி ஆலாபனை நடுவில் பதினொரு விநாடி மௌனமாகிவிட்டது. அது திரும்ப வராது. கால் அங்குல நாடாக்களை 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் எடுத்தோம். டாட் ஏற்கெனவே 16 பிட் என்பதால் இருந்தபடியே எடுத்தோம், பெரிதாக்கி ஆகப்போவது ஒன்றுமில்லை. கலைஞருக்கு ஒன்று, பாடகரல்லாத அவர் குடும்பத்தில் ஒருவருக்கு ஒன்று, எங்களிடம் ஒன்று என்று மூன்று பிரதிகள். இதையெல்லாம் செய்ய நினைப்பவர்கள் நிறுவனத்தை மூடும்வரை காத்திருக்க வேண்டாம். நாடா வைத்திருப்பவர் இன்று மாலையே பெட்டியைத் திறந்து மோந்து பார்க்கலாம். புளித்த வாடை அடித்தால் ஆபத்து.

விற்காத சரக்கு 3,400 சி.டி. இருந்தது. அரங்க வாசலில் ஒன்று இருபது ரூபாய் என்று வைத்தோம். ஒருவர் பதினெட்டு வாங்கினார். அவர் காரில் இன்னும் சி.டி. போடுகிற பெட்டி இருக்கிறதாம். "காரை விற்கும்வரை இது போதும்" என்றார். மிச்சத்தில் ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதியை நூலகத்துக்கு என்று ஒதுக்கினோம். அட்டைகளையும் விளம்பரத் தாள்களையும்கூட எறிந்துவிடாதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் இப்படிப்பட்ட அச்சுத் துணுக்குகளுக்கு மதிப்பு உண்டு. பிறகு மீந்ததைப் பழைய சாமான்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டார். உறையைப் பிரித்து, அட்டை தனி, தட்டு தனி என்று கொடுத்தால்தான் விலை வரும். நானும் என் மனைவியும் நான்கு மாலை உட்கார்ந்து பிரித்தோம். முதல் நாள் அழுதேன். நான்காம் நாள் வேகம் வந்துவிட்டது.

கச்சேரி ஒருவழியாக 2019 பிப்ரவரி 24-இல் நடந்தது. இருநூறு இருக்கைக்கு இருநூற்று அறுபது பேர். பேச்சு கிடையாது, பொன்னாடை கிடையாது என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டிருந்தோம். அப்படியும் ஒரு பிரமுகர் "இரண்டே வார்த்தை" என்று மேடையேறி 22 நிமிடம் பேசினார். என் தவறுதான். மைக் இணைப்பு யார் கையில் என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். உருப்படியாக ஒன்று செய்தோம். மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் முடியும்வரை கேன்டீனைத் திறக்கக்கூடாது என்று சமையல்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன். தனி தொடங்கியதும் எழுந்து போனவர்கள் மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். ஐம்பது வருட அனுபவத்தில் ஒரு ஆள்கூடக் குறையாத சபைக்குத் தனி வாசித்தது அன்றுதான் என்று மிருதங்க வித்துவான் பிறகு சொன்னார். காரணத்தை நான் அவரிடம் சொல்லவில்லை.

துணிப்பைகளை இடைவேளையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தோம். ஆளுக்கொரு கடைசி ராயல்டி காசோலையும் இருந்தது. ஒன்றின் தொகை 312 ரூபாய். அந்தப் பாடகி அதை விரித்து எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டினார், அரங்கமே சிரித்தது. கடைசியில் எட்டுப் பேரும் சேர்ந்து மத்தியமாவதி ராகத்தில் பாடி மங்களத்துக்கு வந்தார்கள். சுருதி ஒன்றரைக் கட்டை என்பதால் பெண்கள் கீழே இறங்கிப் பாட வேண்டியிருந்தது. கேட்க அப்படியொன்றும் பிரமாதமாக இல்லை. யாரும் எழுந்து போகவில்லை.

இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 26-இல், ஸ்பாட்டிஃபை இந்தியாவில் தொடங்கியது. "ஒரு மாதம் பொறுத்திருக்கலாமோ?" என்று கூட்டாளி கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. இணையத்தில் எங்கள் பதிவுகளை ஏற்றும் ஒரு இடைத்தரகு நிறுவனத்தோடு ஏற்கெனவே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். விலகுவதாக இருந்தால் 90 நாள் முன்னதாக எழுத வேண்டும், தவறினால் ஒப்பந்தம் தானே ஒரு வருடம் நீளும் என்று பதினான்காம் பக்கத்தில் இருந்தது. நான் எழுதியது பன்னிரண்டு நாள் தாமதமாக. ஆகவே இல்லாத நிறுவனத்தின் வங்கிக் கணக்கை, மாதம் நூற்றுச் சொச்சம் ரூபாய் வரவுக்காக, ஒரு வருடம் உயிரோடு வைத்திருந்தேன். மூடுகிறவர்கள் முதலில் இணைய ஒப்பந்தம், பிறகு வரிப் பதிவு, கடைசியில் வங்கிக் கணக்கு என்ற வரிசையில் மூட வேண்டும். இன்னொன்று, ஒவ்வொரு பதிவுக்கும் அடையாளமாக இருக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற பன்னாட்டு எண்ணைக் கலைஞருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். உரிமையாளர் மாறினாலும் அந்தப் பன்னிரண்டு எழுத்து எண் மாறாது. அது தெரியாமல் ஒருவர் புது எண் வாங்கி ஏற்றியதில், அதே பாட்டு இணையத்தில் இரண்டு பேர் பாடியதுபோல நிற்கிறது.

மூன்று பைகள் இன்னும் என் பீரோவில் இருக்கின்றன. ஒன்றின் வாரிசுகள் நான்கு பேர், அவர்களில் இருவர் இருவரோடு பேசுவதில்லை. தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள், பொங்கலுக்குப் பிறகு என்கிறார்கள்.

போன மாதம் மிருதங்க வித்துவான் கூப்பிட்டார். அந்தக் கடைசிக் கச்சேரியைப் பொறியாளர் பதிவு செய்தாராமே, உண்மையா என்று கேட்டார். உண்மைதான். யாரும் சொல்லாமலே, கைப்பழக்கத்தில், பதினாறு தடத்தில் பதிவு செய்திருந்தார்.

"மாஸ்டர் யாரிடம் இருக்கிறது?"

"என்னிடம்தான் அண்ணா."

"எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினாயா அப்பா?"